எந்தப் பல்லுக்கொதி விடியும்வரை காத்திருக்கும்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் படிப்பித்த பாடசாலையின் மைதானத்தில் ஒரு மாலை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் விக்கெட் காத்துக்கொண்டு நின்றான். பந்து எகிறிவந்து அவனுடைய மேல் முன்பல்லில் பட்டது. பல் வேரோடு கழன்று மணலில் விழுந்தது. நான் ஓடிப்போய் அதை எடுத்தேன். குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வேரில் ஒட்டியிருந்த மணலையும், அதோடு சேர்ந்திருந்த சிவந்த சவ்வையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். வைத்தியரிடம் சுத்தமான பல்லைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம். பிறகு அதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பையனை மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். அவனுடைய வீட்டுக்குப் போய்த் தாய்க்குச் சொல்லி, இரத்தம் பட்ட உடுப்பை மாற்றி, வைத்தியசாலையை அடைந்தபோது இரண்டு மணித்தியாலம் கடந்திருந்தது.

பல் வைத்தியர் காகிதத்தை விரித்துப் பார்த்தார். “எதால் கழுவினீர்கள், சேர்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அந்தச் சிவந்த சவ்வுதான் பல்லை எலும்போடு பிடித்து வைத்திருப்பது” என்று மட்டும் சொன்னார். பையனின் தாய் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதான வேலிக்கு அடுத்த வளவில் கறவைப் பசு நிற்கிறது. கேட்டிருந்தால் ஒரு கோப்பைப் பால் தந்திருப்பார்கள். அன்று அந்தப் பாலின் பெறுமதி எனக்குத் தெரியாது. பிள்ளைகளோடு நாள் முழுவதும் நிற்கும் ஒருவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம் அது. அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பல் விடயத்தில் நாம் அவசரத்தை நோவால் அளக்கிறோம். இரவெல்லாம் தூங்கவிடாமல் கொதித்தால் அவசரம் என்கிறோம். நோவு அடங்கினால் தப்பினோம் என்று வேலைக்குப் போய்விடுகிறோம். இந்த அளவுகோல் பிழையானது. தலையைச் சுவரில் முட்டவைக்கும் பல்லுக்கொதி பலவேளைகளில் காலைவரை பொறுக்கும். மணலில் கிடக்கும் பல்லுக்கோ ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நோவு அடங்கிய பிறகு நாடிக்கு, அதாவது மோவாய்க்கு, கீழே மெல்லப் பரவும் வீக்கம் ஓர் இரவுக்குள் மூச்சை அடைத்துவிடலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ‘இதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?’ என்பதுதான். சில பல் வருத்தங்களுக்கு மணிக்கூடு நிமிடக் கணக்கில் ஓடுகிறது, சிலவற்றுக்கு மணித்தியாலக் கணக்கில், இன்னும் சிலவற்றுக்கு நாட்கணக்கில்.

விழுந்த பல்லுக்கு நிமிடக் கணக்கு

பல்லின் வேரை எலும்பு நேரடியாகப் பிடித்திருப்பதில்லை. இரண்டுக்கும் இடையில் மெல்லிய நார்ச் சவ்வு ஒன்று இருக்கிறது. அடிபட்டுப் பல் கழலும்போது இந்தச் சவ்வு கிழிகிறது. ஒரு பகுதி குழியில் தங்குகிறது, மற்றப் பகுதி வேரோடு வருகிறது. வேரில் ஒட்டியிருக்கும் கலங்கள் உயிரோடு இருந்தால், பல்லைத் திரும்ப வைத்ததும் எலும்பைப் பற்றிக்கொள்ளும். காய்ந்தால் இறந்துவிடும். காற்றில் உலர்ந்தபடி ஒரு மணித்தியாலம் கிடந்த வேரில் உயிருள்ள கலங்கள் எஞ்சுவது அரிது. நான் காகிதத்தில் சுற்றியது, காயப்போட்டதற்குச் சமம். சுரண்டியது அதைவிட மோசம்.

செய்ய வேண்டியது இதுதான். பல்லை அதன் வெள்ளைப் பக்கத்தில், சிரிக்கும்போது வெளியே தெரியும் பக்கத்தில் பிடியுங்கள். வேரில் விரல் படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ குளிர்ந்த நீரிலோ பத்து விநாடிக்கு மேற்படாமல் அலசுங்கள். தேய்க்கவும் துடைக்கவும் வேண்டாம். ஆள் நல்ல நினைவோடு இருந்தால், பல்லின் முன்பக்கம் முன்னால் வரும்படி பார்த்து, அது இருந்த குழியிலேயே மெல்ல அழுத்தி வையுங்கள். கைலேஞ்சியை மடித்து அதன்மேல் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடனே புறப்படுங்கள். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் பல் வைத்தியர்கள் முதலில் சொல்வது இதைத்தான். சில நிமிடங்களுக்குள் தன் குழிக்குள் திரும்பிய பல்லுக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

கை நடுங்குகிறது, பிள்ளை வாயைத் தொடவிடவில்லை என்றால் பாலைத் தேடுங்கள். சீனி போடாத, சூடில்லாத பாலில் பல் மூழ்கும்படி போட்டுக் கொண்டுபோங்கள். பாலின் உப்புச் செறிவு நம் உடல் கலங்களுக்கு ஒத்துப்போகிறது. அதனால் அந்தக் கலங்கள் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கின்றன. தயிர் புளிப்பு, அது உதவாது. இளநீர் பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தென்னை நிறைந்த நம் பக்கத்தில் அது உடனே நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இளநீரும் புளிப்புத் தன்மை கொண்டது. பால் கிடைக்கும்போது பாலையே எடுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் பிள்ளையை ஒரு கோப்பைக்குள் துப்பச் சொல்லி, அந்த உமிழ்நீரில் போடுங்கள். வெறும் தண்ணீர் கடைசித் தெரிவு. தண்ணீரில் கலங்கள் ஊதி வெடித்துவிடும் என்றாலும், காய்வதைவிட அது மேல்.

பாற்பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது. உள்ளே முளைத்துவரும் நிரந்தரப் பல்லின் குருத்தை அது காயப்படுத்திவிடும். மேல் முன்பற்கள் ஏறக்குறைய ஏழு, எட்டு வயதில் நிரந்தரமாக முளைக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்கு எது என்று தெரியாவிட்டால் பல்லைப் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள், வைத்தியர் பார்த்துச் சொல்வார். நிரந்தரப் பல்லைத் திரும்ப வைத்தால் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் ஏறக்குறைய இரண்டு கிழமை கட்டிவைப்பார்கள். வேர் முழுதாக வளர்ந்த பல்லென்றால் அதற்குள்ளேயே வேர்ச் சிகிச்சையும் தொடங்குவார்கள். பல் மண்ணில் விழுந்திருந்தால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றியும் கேளுங்கள்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை எங்கள் பக்கத்தார் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். பாதை அக்கரையில் நின்றால் அது திரும்பி வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். இப்போது பாலத்தால் நிமிடங்களில் போய்விடலாம். அதனால் இன்று நேரத்தைக் கரைப்பது பெரும்பாலும் தூரத்தைவிட நம் அறியாமைதான். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் போகலாம், உடுப்பு மாற்றலாம் என்பவை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தாய்க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நேரே போயிருக்க வேண்டும்.

பல் முழுதாக விழாமல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ நீரிலோ போட்டுக் கொண்டுபோங்கள், சிலவேளை அதையே ஒட்டிவிட முடியும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பல்லின் உயிர்ப்பகுதி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே காட்ட வேண்டும். துண்டைக் காணவில்லை, பிள்ளை இருமிக்கொண்டே இருக்கிறது என்றால் அது சுவாசக் குழாய்க்குள் போயிருக்கலாம். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலப் பொருந்திக் கடிபடவில்லை என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். அடிபட்டவர் மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை மறந்துவிடுங்கள். தலைக் காயத்துக்குத்தான் முதலிடம்.

நோவு நின்றுபோனால்

பல்லின் வெளியே கடினமான வெள்ளை ஓடு. நடுவில் சிறிய அறை. அந்த அறைக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான கூழ். சூத்தை, அதாவது பற்சொத்தை, அந்த ஓட்டைத் துளைத்துக்கொண்டு அறைக்குக் கிட்டப் போகும்போது கூழ் அழற்சி அடைந்து வீங்கப் பார்க்கிறது. கையில் முள் குத்தினால் சதை வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் இடமில்லை. சுற்றிலும் சுவர். அதனால்தான் பல்லுக்கொதி மற்ற எந்த நோவையும்விட ஆளை வாட்டுகிறது. படுத்தால் கூடுவதற்கும் இதுதான் காரணம். படுக்கும்போது தலைப் பக்கம் இரத்த அழுத்தம் ஏறுகிறது, அடைபட்ட அறை இன்னும் இறுகுகிறது. தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தால் சற்றே தணிவதையும் கண்டிருப்பீர்கள்.

வீக்கமும் காய்ச்சலும் இல்லாமல் கொதி மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது காலைவரை காத்திருக்கும். தாங்குவதுதான் கடினம்.

சில நாட்களில் நோவு தானாக நின்றுவிடலாம். கூழ் இறந்துவிட்டது. நரம்பு இல்லாத இடத்தில் நோவு எப்படி வரும்? கிருமிகள் மட்டும் சாகவில்லை. அவை வேரின் நுனித் துளை வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. அங்கே சீழ் கட்டுகிறது. அந்தச் சீழ் வெளியேற வழி தேடுகிறது. எந்த வழி அதற்குக் கிடைக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முரசு, அதாவது ஈறு வழியாக வந்தால் சிறு கட்டியாகத் தெரியும், உடைந்து வடியும். அது ஆபத்துக் குறைந்த வழி. அதற்கும் ஓரிரு நாளில் வைத்தியம் வேண்டும், ஆனால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை.

கீழ்த்தாடையின் பின்பக்கக் கொடுப்புப் பற்களின், அதாவது கடைவாய்ப் பற்களின், கதை வேறு. நாக்குக்குக் கீழே, வாயின் தளமாக, தொட்டிலில் கட்டிய சேலைபோல ஒரு தசை விரிந்திருக்கிறது. பின்பக்கக் கொடுப்புப் பற்களின் வேர் நுனிகள் இந்தத் தசையையும் தாண்டிக் கீழே இறங்கி நிற்கின்றன. அங்கிருந்து வரும் சீழ் வாய்க்குள் வராமல் நாடிக்குக் கீழே, கழுத்துப் பக்கம் இறங்குகிறது. அங்கே அதைத் தடுக்கப் பெரிய மறிப்பு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் பரவி, நாக்கை மேலேயும் பின்னேயும் தள்ளி, மூச்சுவழியை நெரிக்கிறது. ஜெர்மனிய வைத்தியர் லுட்விக் 1836இல் இதை விவரித்தார். இன்றுவரை வைத்தியர்கள் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள். கிருமிக்கொல்லி (அன்டிபயோட்டிக்) மருந்துகள் வருவதற்கு முன் இந்த நிலைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடிகிறது, நேரத்துக்குப் போனால்.

வேளாண்மை வெட்டு நேரத்தில் எங்கள் உறவினர் ஒருவருக்கு இது வந்தது. மூன்று நாள் கொதித்த கொடுப்புப் பல் நான்காம் நாள் அடங்கியது. அவர் சந்தோசமாக வயலுக்குப் போனார். அன்று பின்னேரம் வாடியில் அவர் கதைத்தபோது, வாய் நிறைய வெற்றிலை வைத்துக்கொண்டு கதைப்பதுபோல் இருந்தது. எப்போதும் வெற்றிலை போடுகிறவர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அவர் வாயில் வெற்றிலை இல்லை. நாக்கு மேலே தள்ளப்பட்டிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் தோளில் கிடந்த துவாயால் துடைத்துக்கொண்டே இருந்தார். படுக்கச் சொன்னால் மறுத்தார், குந்தியிருந்து முன்னால் சாய்ந்தபடியே இருந்தார். அவருடைய மகள்தான் தகப்பனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நாடிக்குக் கீழே பலகைபோல் இறுகிக் கிடந்தது. அவள் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தாள். அவரைக் கூட்டிக்கொண்டு போன இரவே கழுத்தைக் கீறிச் சீழை வடித்து, பல்லையும் எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்து வீடு வந்தார்.

அந்த மகள் கண்ட அடையாளங்களை நீங்களும் மனதில் வையுங்கள். பல் வருத்தத்தோடு மூச்சுவிடுவது சிரமமானால், எச்சிலை விழுங்க முடியாவிட்டால், குரல் அடைத்து மாறினால், நாக்கு உயர்ந்தால், நாடிக்குக் கீழே இறுகிய வீக்கம் இருந்தால் அது மணித்தியாலங்கள்கூட இல்லாத அவசரம். அந்த ஆள் எப்படி இருந்தால் மூச்சு இலகுவாக வருகிறதோ அப்படியே இருக்க விடுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். கஞ்சியோ தேத்தண்ணீரோ பருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இவற்றுக்கு அடுத்த நிலை, அன்றைய தினமே போக வேண்டியது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் போக வேண்டும். வாயைத் திறக்கும்போது உங்கள் இரண்டு விரலை மேலும் கீழுமாக வைக்க இடமில்லாவிட்டாலும் போக வேண்டும், கிருமி தாடைத் தசைவரை போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். மேல் கோரைப் பல்லில் தொடங்கிய வீக்கம் கண்ணை நோக்கி ஏறினால் மிகுந்த கவனம் தேவை. முகத்தின் அந்தப் பகுதியிலுள்ள இரத்தக் குழாய்கள் மண்டைக்குள் இருக்கும் குழாய்களோடு தொடர்புபட்டவை. கண் மூடிக்கொண்டாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, தலையிடி கடுமையானாலோ இரவு பகல் பார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கு வீக்கமும் காய்ச்சலும் பெரியவர்களைவிட வேகமாகக் கூடும். முகம் வீங்கிய பிள்ளை குடிக்க மறுத்தால் அதுவே போதிய காரணம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குகளை எல்லாம் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். இரத்தத்தில் சீனி கூடும்போது உடல் கிருமியோடு போராடும் பலம் குறைகிறது. கிருமி பரவும்போது சீனி இன்னும் ஏறுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்கள், நீண்டகாலம் ஸ்டீரொய்ட் மருந்து பாவிப்பவர்கள், சிறுநீரக நோயாளர்கள் எல்லோரும் இந்தக் கூட்டத்தில் அடங்குவார்கள்.

கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வயிற்றில் பிள்ளை, பல்லில் கை வைக்கக் கூடாது’ என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அது சரியில்லை. பல் வைத்தியம் கர்ப்ப காலத்தில் செய்யலாம். நம் நாட்டில் குடும்பநல மாது கர்ப்பிணிகளைப் பல் பரிசோதனைக்கு அனுப்புவதே அதனால்தான். சீழ் கட்டிய பல்லோடு மாதக்கணக்கில் இருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல். கர்ப்பிணி என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொன்னால் போதும், அதற்கேற்ற மருந்தைத் தருவார்.

விடியும்வரை வீட்டில்

பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெரியவர்கள் எடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் போகக் கூடாது. பனடோல் என்பதும் அதே மருந்துதான், இரண்டையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். தடிமன் மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் தொடர்ந்து மது அருந்துபவர்களும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். இளஞ்சூடான உப்புத் தண்ணீரால் கொப்பளிப்பது நல்லது. கராம்பு எண்ணெயில் மரக்கச் செய்யும் பொருள் இருக்கிறது. பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சூத்தைக் குழிக்குள் மட்டும் வைத்தால் சிறிது ஆறுதல் தரும். முரசில் பூசினால் எரித்துவிடும்.

சில கைவைத்தியங்களை விட்டுவிட வேண்டும். அஸ்பிரின் மாத்திரையைப் பல்லோடு அடக்கி வைப்பார்கள். அது வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்யும், வாயில் வைத்தால் முரசு வெந்து வெள்ளையாகிவிடும். கள்ளிப்பாலும் சாராயமும் அப்படித்தான். வீங்கிய கன்னத்துக்குச் சூட்டு ஒத்தணம் கொடுக்க வேண்டாம். சூடு சீழை வெளித்தோலின் பக்கம் இழுத்து, கன்னத்தில் உடைய வைக்கலாம், தழும்பு வாழ்நாள் முழுவதும் நிற்கும். வெளியே குளிர்ந்த ஒத்தணம் கொடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போனமுறை மிஞ்சிய அமொக்சிலின் நாலைந்து குளிசை பெட்டிக்குள் கிடக்கும். அதை விழுங்கிவிட்டு வைத்தியம் முடிந்ததென்று இருப்பார்கள். கூழ் அழற்சியால் வரும் கொதியைக் கிருமிக்கொல்லி தணிக்காது. இறந்த கூழுக்குள் இரத்தம் ஓடாததால் மருந்து அங்கே போய்ச் சேர்வதும் இல்லை. சீழ் கட்டியவருக்கு வீக்கம் ஒரு கிழமை அடங்கி, பிறகு திரும்பி வரும். பல்லை எடுக்க வேண்டும், அல்லது வேரைத் துப்புரவாக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காமல் அந்தக் கதை முடியாது.

இரத்தம் நிற்காவிட்டால்

பல் கழற்றிய அன்று எச்சிலில் சிவப்பு கலந்திருப்பது வழமை. ஒரு துளி இரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும், பார்த்தவுடன் பயப்பட வேண்டாம். குழியிலிருந்து தொடர்ந்து ஊறிக்கொண்டே இருந்தால் சுத்தமான துணியைச் சிறிதாக மடித்து நனைத்து, சரியாகக் குழியின் மேல் வைத்து, அரை மணித்தியாலம் இறுகக் கடித்திருக்கச் சொல்லுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. எடுக்கும்போது உறைந்த இரத்தமும் சேர்ந்து வந்துவிடும். நனைத்த தேயிலைப் பையை வைத்தும் கடிக்கலாம், தேயிலையின் துவர்ப்பு இரத்தம் உறைய உதவுகிறது. முதல் நாள் கொப்பளிப்பு, புகை, வெற்றிலை மூன்றும் வேண்டாம். இரண்டு முறை இப்படிச் செய்தும் நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள். இதய வருத்தத்துக்கு வார்பரின், குளோபிடோக்ரல், அஸ்பிரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே பல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பல் கழற்றுவதற்காகத் தாங்களாகவே அந்த மாத்திரைகளை நிறுத்துவது, இரத்தப் பெருக்கைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

மாரி காலத்தில் இன்னொரு வகை இரத்தம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கி நுளம்பு பெருகும்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டெங்கு வருகிறது. காய்ச்சலோடு முரசிலிருந்து இரத்தம் கசிந்தால் அது பல் வருத்தமாக இல்லாமல் டெங்குவாக இருக்கலாம். நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். அந்த நேரத்தில் அஸ்பிரின், இபுப்ரொபென், டைக்ளோபெனக் எதுவும் எடுக்கக் கூடாது. பரசிட்டமோல் மட்டும்தான்.

பல்லைப்போல் வேடமிட்டு வரும் இன்னொரு வருத்தம் மாரடைப்பு. தாடை நோகிறது, எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை, நடந்தால் கூடுகிறது, இருந்தால் குறைகிறது, வேர்க்கிறது, நெஞ்சு இறுகுகிறது என்றால் பல் வைத்தியரைத் தேட வேண்டாம், 1990ஐ அழையுங்கள்.

எங்கே போவது, என்ன சொல்வது

அரசாங்க வைத்தியசாலைகளில் பல் கிளினிக் பெரும்பாலும் காலையில்தான் நடக்கும், நேரத்துக்குப் போய் இலக்கம் எடுக்க வேண்டும். இரவில் பல் வைத்தியர் இருக்கமாட்டார் என்று நினைத்து வீட்டிலேயே கிடப்பவர்கள் பலர். மேலே சொன்ன ஆபத்துகளில் முதலில் தேவைப்படுவது மூச்சுவழியைப் பாதுகாப்பதும், இரத்த நாளம் வழியாக மருந்து ஏற்றுவதும்தான். அவசர சிகிச்சைப் பிரிவு அதை எந்த நேரமும் செய்யும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை பொது வைத்தியசாலையும், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆகிய ஊர்களின் வைத்தியசாலைகளும் இருக்கின்றன. கிட்ட இருப்பதற்குப் போங்கள். பெரிய இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் அவர்களே அம்புலன்ஸில் அனுப்புவார்கள்.

போனதும் ‘பல்லுக்கொதி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நாளைக்குக் கிளினிக்குக்கு வரச் சொல்வது இயல்பு. ‘விழுங்க முடியவில்லை’, ‘வாய் திறபடவில்லை’, ‘நேற்று இரவிலிருந்து வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது’ என்று கண்டதைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் எடுக்கும் மருந்துகளையும் கையில் கொண்டுபோங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் கேட்கும் முன்பே சொல்லுங்கள். சிறுவயதில் இதய வால்வு பாதிக்கப்பட்டவர்களும் அதைச் சொல்ல வேண்டும்.

அடைத்த பல் கழன்றது, பொய்ப்பல் உடைந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்பவை எல்லாம் அந்தக் கிழமைக்குள் காட்டினால் போதும். பல் கழற்றி மூன்றாம் நாளளவில் நோவு திடீரென்று கூடி, வாய் நாறினால் குழியில் உறைந்த இரத்தம் கழன்றிருக்கும். உயிராபத்து இல்லை, ஆனால் மிகுந்த நோவு. கிளினிக்கில் குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே ஆறுதல் வரும்.

கடைசியாக, கிழமைக் கணக்கில் ஓடும் மணிக்கூடு ஒன்று இருக்கிறது. அதில் நோவு அநேகமாகத் தொடக்கத்தில் இருப்பதே இல்லை. வாய்க்குள் புண்ணோ, வெள்ளைத் தடிப்போ, சிவப்புத் திட்டோ இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தால் காட்ட வேண்டும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களும் அதற்கு விலக்கில்லை. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த வெற்றிலைதான் பெரிய காரணம். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்துத்தான். பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாளடைவில் நாராக இறுக்கி, வாயைத் திறக்க முடியாமலும் செய்யும்.

என் பெரியம்மா வெற்றிலை வட்டாவைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர். சாப்பாட்டில் உறைப்பு எரிகிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்த பல் உரசுகிறது என்பது அவருடைய கணிப்பு. ஒருநாள் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை வாய்க்குள் பிடித்துப் பார்த்தேன். வெற்றிலை அடக்கும் பக்கத்தில், கன்னத்தின் உள்ளே, பெருவிரல் நகமளவு வெள்ளைத் தடிப்பு. நடுவில் சிவப்பு. “எத்தனை நாளாக இருக்கிறது, பெரியம்மா?” என்று கேட்டேன். “தைப்பொங்கலுக்கு முன்னம்” என்றார். அப்போது சித்திரை பிறக்க ஒரு கிழமை இருந்தது. அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றாக மாறுவதற்கு முந்திய நிலை என்றார்கள், அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். இப்போது குறித்த நாளில் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வருகிறார். வட்டா அலுமாரியின் மேல் இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக்கூட அவர் அதை இறக்குவதில்லை.